குப்புறப் படுத்துறங்கிய குழந்தை

என் தங்கையின் மகனைப் பிறந்த அன்று இரவு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அவன் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்துக்குழியும் நெஞ்சுக்குழியும் உள்வாங்கின. பெரியவர்களின் குறட்டையைப் போன்ற ஒலி தொண்டையிலிருந்து வந்தது. "சளிதான், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று அங்கே சொன்னதை நாங்களும் நம்பினோம். மார்பில் போட்டால் நான்கு வாய் உறிஞ்சுவதற்குள் களைத்து விலகுவான்; குடித்த பாலும் மூக்கு வழியே வந்துவிடும். ஐந்தாம் நாள் எடை வெகுவாகக் குறைந்திருந்ததைக் கண்டதும் வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த மருத்துவர் முதலில் அவனைப் பக்கவாட்டில் திருப்பி முகத்தைப் பார்த்தார். மேலுதட்டுக்கு வெகுவாகப் பின்னால் மோவாய் ஒடுங்கியிருந்தது. பிறகு டார்ச் அடித்து, நாக்கை அழுத்தி, அண்ணத்தின் பின்பகுதியில் லாடம் போல அகன்றிருந்த பிளவைக் காட்டினார். பியர் ரோபின் தொடர் என்று அதற்குப் பெயர்; நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைப்பதைப் பற்றி 1923இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. கருவில் கீழ்த்தாடை போதிய அளவு வளராததால், நாக்கு கீழே இறங்க இடமின்றி மேலேயே தங்கிவிடுகிறது. அதன் இரு பக்கமிருந்தும் வந்து இணைய வேண்டிய அண்ணம் இணையாமல் நின்றுவிடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றாக விளைவதால்தான் 'தொடர்' என்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா என்று என் தங்கையைக் கேட்டு அழவைத்தவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இவை நடந்து முடிவது கருவுற்ற முதல் மூன்று மாதங்களில். அவள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

முதல் சிகிச்சை மருந்தல்ல, குப்புறப் படுக்க வைப்பதுதான். அப்படிப் படுத்ததும் நாக்கு தன் எடையாலேயே முன்னால் சரிய, அந்தக் குறட்டையொலி அடங்குவதை நாங்கள் காதால் கேட்டோம். மற்றக் குழந்தைகளை மல்லாந்துதான் தூங்க வைக்க வேண்டும் என்பதால், ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியைக் காலில் கட்டிக் கண்காணிப்பில் மட்டுமே இதைச் செய்கிறார்கள். வீட்டில் நாமாகச் செய்யக் கூடாது. அது போதாதபோது ஒரு மூக்குத் துளை வழியாக நாக்குக்குப் பின்புறம் வரை மென்மையான குழாயைச் செலுத்தி மூச்சுக்கு வழி விடுகிறார்கள். பல குழந்தைகளுக்கு இவ்வளவே போதுமாம். பால் முதலில் வயிற்றுக்குழாய் வழியாகவும், மூச்சு சீரான பிறகு அவனை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையிலும் போனது.

எங்களுக்கு அது போதவில்லை. மூன்று வாரமாகியும் தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருந்ததால், கீழ்த்தாடையை இரு பக்கமும் வெட்டி நீட்டும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தோம். கால் எலும்பை நீட்ட ரஷ்ய மருத்துவர் இலிசரோவ் கண்ட வழிதான் இது. வெட்டிய எலும்பை மெதுவாக விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளர்ந்துவிடுகிறது. எலும்பில் பொருத்திய நீட்டும் கருவியிலிருந்து காதுக்குக் கீழே வெளியே நீட்டியிருந்த மெல்லிய கம்பியின் முனையில் சிறு சாவியைப் பொருத்தி, காலையும் மாலையும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் திருப்புவார்கள். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வாரத்தில், மேலுதட்டுக்கும் மோவாய்க்கும் உள்ள இடைவெளி குறைவதை நானே தினமும் பார்த்துச் சொன்னேன். பல் முளைகளுக்கும் நரம்புக்கும் சேதம் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆனாலும் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும் நிலையை அது தவிர்த்தது என்பதில் எனக்கு நிறைவுதான்.

நீட்டி முடித்த பிறகும், எலும்பு கெட்டிப்படும் வரை சில வாரங்கள் கருவி உள்ளேயே இருந்தது. இப்போது அவனுக்கு ஏழு மாதம். அண்ணப்பிளவை ஒரு வயதை ஒட்டி மூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குறையுள்ள சிலருக்கு ஸ்டிக்லர் என்னும் மரபணுக் கோளாறும் இருந்து பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால், வரும் வாரம் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம்.