கேம் ஐடி போனது, மெயிலில் கிடைத்தது

"மச்சி, ஐடியை விக்கப் போறியா?" என்று தாம்பரத்திலிருந்து ஸ்குவாட் நண்பன் போன் செய்தபோது வேளச்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். டெலிகிராம் குழு ஒன்றில் என் ஐடியின் ஸ்கிரீன்ஷாட் விலையோடு சுற்றிக்கொண்டிருந்ததாம். கேமைத் திறந்தால் லாகின் பக்கம்தான் வந்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்துப் பார்த்தேன், முன்பின் தெரியாத யாருடைய மெயிலுக்கோ ஓடிபி போகிறது. நான்கு வருட ஐடி, தீபாவளி போனஸில் வாங்கிய ஸ்கின் (கேமில் ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடும் அலங்காரம்) எல்லாம் அதில்தான்.

முதல் திட்டு அக்கா பையனுக்கு. லீவுக்கு வந்தவன் என் போனில்தான் விளையாடினான், இலவச ஸ்கின் லிங்க் எதையாவது தட்டியிருப்பான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "சத்தியமா இல்ல மாமா" என்றான். நம்பவில்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. ஐடியில் மெயிலை மாற்றினால் பழைய மெயிலுக்கு எச்சரிக்கை வருமே, எனக்கு ஏன் வரவில்லை? எழுந்து கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்தேன். ஃபில்டர் பகுதியில் நான் போடாத ஒரு வரி: கேம் கம்பெனியிலிருந்து வரும் மெயிலையெல்லாம் வந்தவுடன் அழித்துவிடு. அடப்பாவி! ஜிமெயிலில் அழித்தவை 30 நாள் டிராஷில் கிடக்கும் என்பதால் போய்ப் பார்த்தேன், தேதி, நேரத்தோடு அந்த எச்சரிக்கை அங்கே பத்திரமாக இருந்தது. கூகுள் கணக்கின் டிவைஸ் பட்டியலிலும் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்ப்யூட்டர். ஆக, பூட்டை உடைத்தது கேமில் இல்லை, மெயிலில்.

அதனால் கேமை விட்டுவிட்டு முதலில் மெயிலைச் சுத்தம் செய்தேன். அந்த டிவைஸை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, ஃபில்டரை நீக்கி, என் மெயிலின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி ஃபார்வர்டிங் எதுவும் வைத்திருக்கிறானா என்றும் பார்த்தேன், ஏனென்றால் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும் தானாகப் போகாது, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கணக்கு கைவிட்டுப் போனால் மீட்கக் கொடுத்திருந்த ரிகவரி நம்பர் என்னுடைய காலேஜ் காலத்து சிம், எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டது. அப்படி விட்ட நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது அப்போது நினைவுக்கு வர வயிறு கலங்கியது. அதையும் மாற்றினேன். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் வேண்டாம் என்று ஆதென்டிகேட்டர் ஆப் போட்டேன். 30 வினாடிக்கு ஒரு புது ஆறு இலக்க எண், சிக்னல் இல்லாவிட்டாலும் வரும். போன் தொலைந்தால் உதவும் பத்து பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன், அம்மா அதை மளிகைக் கணக்கு என்று நினைக்காதவரை சரி.

அப்புறம் கம்பெனிக்கு எழுதினேன். முதல் பதில் மெஷின் அனுப்பியது, ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டாவது முறை கேட்டார்கள்: ஐடி தொடங்கிய மாதம், அப்போதைய போன் மாடல், பழைய பெயர்கள், பணம் கட்டிய ரசீது. ரசீதுதான் காப்பாற்றியது. பிளே ஸ்டோரில் வாங்கியதற்கெல்லாம் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண் மெயிலில் வரும், பழையதையெல்லாம் தேடி எடுத்து, டிராஷில் கிடைத்த எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்பினேன். காசு போகாததால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்கவில்லை, போயிருந்தால் முதல் வேலை அதுதான். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகார் மட்டும் பதிந்து வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஐடி திரும்பியது. ஸ்கின் இருந்தது, ரேங்க் அதலபாதாளத்தில்.

எப்படிப் போனது? நம் மெயில் எந்தக் கசிவிலாவது சிக்கியிருக்கிறதா என்று காட்டும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் என் மெயிலைப் போட்டுப் பார்த்தேன். நான் மறந்தே போன ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து பாஸ்வேர்டு எப்போதோ கசிந்திருக்கிறது. மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான் வைத்திருந்தேன், கடைசியில் ஒரு 1 கூடச் சேர்க்காமல்.

அக்கா பையனை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு ஒரு ஸ்கின் வாங்கித் தா மாமா" என்றான். வாங்கிக் கொடுத்தேன், ரசீது மெயிலில் இருக்கிறது.