குரூப் 4-க்கு படிக்கறவங்க எத்தன வேகத்துல படிக்கோணும்?

ஈரோடு, கோபி பக்கம் லைப்ரரில உக்காந்து குரூப் 4-க்கு படிக்கற பசங்க ரெண்டு பேரு சேந்தாப் போதுங்க, மொத நாயமே "இன்னிக்கு எத்தன பக்கம் முடிச்ச"ங்கறதுதான். பக்கத்த எண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க. எல்லா பாடத்தையும் ஒரே வேகத்துல ஓட்டறதுதான் பிரச்சனையே, பல்லடம் ரோட்டுல போற ஸ்பீடுல ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவு ஏற முடியுங்ளா?

பாதி தெரிஞ்ச பாடத்த வெசையா படிங்க, தப்பே இல்ல, அடுத்து என்ன வரும்னு மூளையே ஊகிச்சுக்கும். புதுசுன்னா அது நடக்காது. அரசியலமைப்புத் திருத்தத்த அப்படி ஓட்டுனா 42-வது 1976, 44-வது 1978 ரெண்டும் கலந்து போயி ஹால்ல முழிக்கோணும். குறள் ஏழே சீர்தான், ஆனா வாய்விட்டு ரெண்டு தரம் சொல்லாம போனா எதுகையும் காதுல விழாது, பொருளும் நிக்காது. எனக்கெல்லாம் செய்யுள் பகுதி புடிக்க ஆரம்பிச்சதே மொள்ளமா படிச்ச பொறவுதானுங்க, அதுக்கு முன்னாடி அது வெறும் மனப்பாடம்.

ஸ்பீட் ரீடிங் கோர்ஸ், நிமிசத்துக்கு ஆயிரம் வார்த்தைன்னு விளம்பரம் வந்தா காசு குடுத்தறாதீங்க. கண்ணு ஒரு எடத்துல நிக்கறப்ப நடுவுல கொஞ்சம் எழுத்துதான் தெளிவா தெரியும், ஓரமெல்லாம் மங்கல், ஒவ்வொரு நிப்புக்கும் கால் செகண்ட் மாதிரி ஆகும், அப்பறம்தான் அடுத்த எடத்துக்கு தாவும். அதுக்கும் மேல வேகம்னா நடுவுல வார்த்தைய முழுங்கறோம்னு அர்த்தம். புரியலன்னு திரும்பி மேல வரிக்கு போறதும் எல்லாரும் பண்றதுதான், அத கொறையா நெனைக்காதீங்க.

பரிச்சைல 3 மணி நேரத்துக்கு 200 கேள்வி, கேள்விக்கு 54 செகண்ட், ஓஎம்ஆர் ஷேட் பண்றதும் அதுக்குள்ளதான். தமிழ் 100-ல நேரடி கேள்விகள வேகமா முடிச்சு கணக்கு 25-க்கு டைம் மிச்சம் புடிங்க, ஆனா கூற்று-காரணம், "தவறானது எது" இதெல்லாம் வந்தா பொறுமையா, கடைசி வார்த்தை வரைக்கும் படிக்கோணும், "தவறான"ங்கறத கண்ணு தாண்டிருச்சுன்னா தெரிஞ்ச கேள்விலயே மார்க் போயிரும்.

ராத்திரி கதை புக்கு படிக்கற பழக்கம் இருந்தா அதுக்கு மட்டும் டைமர் வேண்டாங்க. எம்பட ரூம்மேட் ஒருத்தன் துப்பறியும் நாவலக்கூட தாவித்தாவி படிச்சு கொலைகாரன் யாருன்னு கடைசி பக்கத்துல பாத்துட்டு, இப்பெல்லாம் யாரு நல்லா எழுதறாங்கன்னு சலிச்சுக்குவான்.