உழாமல் விட்ட நாலு முழம்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் சித்திரை மழை ஒன்று பெய்ததும் கோடை உழவுக்கு டிராக்டர் சொல்லியிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் வரப்போரமாகப் போனபோது தலைக்கு மேலே இரண்டு ஆட்காட்டிப் பறவைகள் கத்தித் தீர்த்தன. இது புதிதில்லை. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பேரே. ஆனால் அன்று ஒன்று தரையில் இறங்கி, இறக்கை ஒடிந்ததுபோல ஒரு பக்கமாகச் சரிந்து இழுத்துக்கொண்டு ஓடியது. ஐயோ, நாய் கடித்துவிட்டதோ என்று பின்னாலேயே போனேன். ஐம்பது அடி தாண்டியதும் விருட்டென்று பறந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. வந்த வழியே திரும்பி ஒவ்வொரு அடியாகப் பார்த்து நடந்தேன். ஒரு கட்டத்தில் தூக்கிய காலை அப்படியே பின்னால் வாங்கினேன். அடுத்த அடியில் நாலு முட்டை.

கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கையகலப் பள்ளம், சுற்றிலும் பொடிக்கற்கள், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. மண் நிற முட்டைகளில் கறுப்புத் திட்டுகள். கூர்முனை நான்கும் நடுவைப் பார்த்திருந்தன. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் தேட வேண்டியிருந்தது.

காலையில் டிராக்டர்கார அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடையாளத்துக்குக் குச்சி நடாதீங்க, காக்கா வந்து உக்காரும். ரெண்டு கல்லு வைங்க போதும்" என்றார். அந்த நாலு முழத்தைச் சுற்றி வளைத்து உழுதார்.

அப்புறம் தினமும் வேப்பமரத்தடியிலிருந்து பைனாகுலரில் பார்ப்பேன். உச்சி வெயிலில் ஆட்காட்டி முட்டைமேல் உட்காராது, நிழல் விழும்படி நிற்கும். அந்த வெயிலில் சூடு கொடுப்பதல்ல, சூட்டைத் தடுப்பதுதான் வேலை. குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் படியும்.

என்னை அசத்தியது வேறொன்று. நான் தூரத்தில் வரும்போதே சத்தமில்லாமல் எழுந்து நடந்துபோய், வேறு எங்கிருந்தோ கத்தும். எங்கே இருந்து எழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் கிடை ஆடுகள் வந்த அன்று இடத்தைவிட்டு நகரவில்லை. இறக்கையை விரித்து ஆட்டின் மூஞ்சிக்கு நேராகக் கத்தியது. மனுஷன் முட்டையை எடுப்பான், அவனிடம் ஒளிக்க வேண்டும். ஆட்டுக்கு முட்டை வேண்டாம், தெரியாமல் மிதித்துவிடும். அதனிடம் ஒளித்தால்தான் ஆபத்து. இரண்டு பகைக்கும் இரண்டு வழி வைத்திருக்கிறதே என்று அன்று ராத்திரி வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் பள்ளம் காலி. முட்டை ஓடுகூட இல்லை. பதறிப்போய் நின்றேன். தூரத்து உழவுசாலில் கோலிக்குண்டு அளவில் ஏதோ உருண்ட மாதிரி இருந்தது. பஞ்சுபோல ஒரு குஞ்சு, அதற்குள் ஓட்டம். தாய் ஒரு குரல் கொடுத்தது. குஞ்சு அப்படியே மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன், கட்டிமண்தான் தெரிந்தது. மற்ற மூன்றும் என் காலடியில்கூட இருக்கலாம். என் தடத்திலேயே காலை வைத்துத் திரும்பி நடந்தேன்.