முதல் எலெக்ட்ரானிக் ட்ராக்: கிக்கையும் பேஸையும் முதலில் சரிசெய்யுங்கள்

புதிதாக எலெக்ட்ரானிக் இசை செய்ய வருபவர்களின் ட்ராக்குகளில் மெலடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தனித்தனியாகக் கேட்டால் சின்த் ஒலியிலும் குறை இருக்காது. எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் கலங்கலாகக் கேட்கும். பல நேரம் சிக்கல் 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான அடிப்பகுதியில் இருக்கிறது. கிக்கும் (டிரம்மின் கனமான அடி) பேஸும் (தாழ்ந்த சுருதியில் ஓடும் வரி) ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அதைத் தீர்த்துவிட்டு மெலடிக்குப் போங்கள். பின்னால் வரும் மிக்ஸிங் வேலை பாதியாகக் குறையும்.

கருவிகளைத் தேடி அலைய வேண்டாம். ஒரு கணினி, கம்பி உள்ள ஹெட்ஃபோன், ஓர் இசை மென்பொருள் போதும். ஏபில்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர், இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் எதுவானாலும் சரி, ஒன்றைப் பிடித்தால் நாலைந்து ட்ராக் முடியும்வரை மாற்றாதீர்கள். சின்தசைஸருக்கு சர்ஜ் எக்ஸ்டி அல்லது வைட்டலின் இலவசப் பதிப்பே தாராளம். மிடி கீபோர்டு இல்லாவிட்டாலும் பியானோ ரோலில் மவுஸால் நோட்டுகளைப் போடலாம். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். கீயை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வரும், தாளம் கையில் நிற்காது.

விண்டோஸ் என்றால் ஆடியோ செட்டிங்கில் ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குக் கணக்கிடும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்பது சுமார் 3 மில்லிசெகண்ட். வாசித்துப் பதிவு செய்ய அது வசதி. ட்ராக்குகள் கூடும்போது பொரிவது போன்ற சத்தம் கேட்டால், பிராசஸரால் அந்த நேரத்துக்குள் கணக்கை முடிக்க முடியவில்லை என்று பொருள். பஃபரை 512 அல்லது 1024க்கு ஏற்றுங்கள்.

இப்போது டெம்போவை 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 துடிப்பு) வையுங்கள். நான்கு துடிப்பு கொண்ட ஒரு பாரில் 16 ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பும் 125 மில்லிசெகண்ட். கிக்கை 1, 5, 9, 13ஆம் ஸ்டெப்புகளில் போடுங்கள். எந்த கிக் என்பது முக்கியம். ரோலண்டின் டிரம் மெஷினான டிஆர்-808 (1980) பாணி கிக்குக்கு நீளமான வால் உண்டு. அந்த வாலே பேஸ் மாதிரி ஒலிக்கும். அதற்கு மேல் தனியாக ஒரு பேஸையும் போட்டால் மோதல் நிச்சயம். தொடக்கத்துக்கு டிஆர்-909 (1983) பாணியில், 200 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடுகிற கிக்கே நல்லது. கிக் சாம்பிள் (பதிவு செய்த ஒலி) நீளமாக இருந்தால் முடிவில் ஃபேட் போட்டுக் குறுக்குங்கள்.

பேஸை ப்ரீசெட்டில் தேடாமல் நீங்களே செய்யுங்கள். சின்த்தை இனிஷியல் பேட்சுக்கு (வெறும் தொடக்க அமைப்பு) கொண்டுவந்து, ஒரு சா வேவ் (ரம்பப்பல் வடிவ அலை) ஆஸிலேட்டரை மட்டும் விட்டுவையுங்கள். மோனோ மோட் (ஒரு நேரத்தில் ஒரு நோட்), யுனிசன் 1 (ஒரே குரல்). மேல் அதிர்வெண்களைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டரின் கட்-ஆஃப் 150 ஹெர்ட்ஸ். ஃபில்டர் நேரத்தோடு எப்படி மாறும் என்பதைச் சொல்லும் ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) 0, டிகே (இறங்கும் நேரம்) 180 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் (நிலைக்கும் அளவு) 0. இந்த என்வலப் ஃபில்டரைத் திறக்கும் அளவைக் கூட்டும்போது ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் 'டும்' என்று ஒரு திறப்பு கேட்கும். ஒலி அளவுக்கான ஆம்ப் என்வலப்பின் அட்டாக்கை மட்டும் சுத்தமாக 0 ஆக்காதீர்கள். அலை திடீரென்று தொடங்கினால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு வரும். 2 மில்லிசெகண்ட் வைத்தால் அது போய்விடும். ஆஸிலேட்டரில் ஃபேஸ் ரீட்ரிகர் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நோட்டும் அலையின் வெவ்வேறு புள்ளியில் தொடங்கும்; கிக்கோடு சேரும்போது ஓர் அடி கனமாகவும் அடுத்த அடி மெலிந்தும் கேட்கும்.

ஏ மைனரில் தொடங்குவது எனக்குப் பிடித்த வழி. அதன் அடி நோட் 55 ஹெர்ட்ஸ். சுமாரான ஹெட்ஃபோனிலேயே கேட்டுவிடும். ஒரு மென்பொருளில் ஏ1 என்று இருப்பது இன்னொன்றில் ஏ0 அல்லது ஏ2 என்று இருக்கும். ஆகவே பெயரை நம்பாமல், ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 55இல் மேடு தெரிகிறதா என்று பாருங்கள்.

நோட்டுகளை 3, 7, 11, 15ஆம் ஸ்டெப்புகளில் போடுங்கள். கிக் அடித்து 250 மில்லிசெகண்ட் கழித்துத்தான் பேஸ் வருகிறது, அதற்குள் கிக் அடங்கிவிட்டது. மோதலுக்கே இடமில்லை. பிளக்-இன் எதுவும் இல்லாமல் சுத்தமான அடிப்பகுதி கிடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பேஸ் இடைவிடாமல் ஓடவேண்டும் என்றால் சைட்செயின் கம்ப்ரஷன் (கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைத் தானாக அமுக்குவது) தேவை. பேஸ் ட்ராக்கில் கம்ப்ரஸரை வைத்து, சைட்செயின் இன்புட்டாக கிக்கைக் கொடுங்கள். ரேஷியோ 4:1, அட்டாக் 1 மில்லிசெகண்டுக்குள், ரிலீஸ் (பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 120 மில்லிசெகண்ட் அளவில். கெயின் ரிடக்ஷன் மீட்டர் 6 முதல் 8 டெசிபல் காட்டும்வரை த்ரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் அளவு) இறக்குங்கள். ரிலீஸை 10 மில்லிசெகண்டுக்குக் குறைத்தால் ஒலி கரகரக்கும். 55 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கே 18 மில்லிசெகண்ட் ஆகிறது. கம்ப்ரஸர் ஒலியின் அளவைப் பின்தொடராமல் அலையையே பின்தொடர்ந்து அதன் வடிவத்தைக் கெடுத்துவிடும். 400 வைத்தாலோ அடுத்த கிக் வருவதற்குள் பேஸ் முழுதாக எழுந்திருக்காது.

கிக்கின் உச்சத்தை மைனஸ் 10 டெசிபலில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றிச் சேருங்கள். எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டர் மைனஸ் 6க்கு மேல் போகவேண்டாம். பேடுக்கு (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சின்த்) 150, ஹைஹேட்டுக்கு 300 ஹெர்ட்ஸில் அடிப்பகுதியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் போடுங்கள். ரிவர்பை (எதிரொலி) சென்டில் (பல ட்ராக்குகள் பங்கிடும் தனி வழி) வைத்து அதற்கும் ஒரு ஹை பாஸ் போடுங்கள். அடிப்பகுதியில் ரிவர்ப் நிறைந்தால் இதுவரை செய்தது வீண்.

மொபைல் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போனால் 55ஐ ஈக்யூவில் ஏற்றாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் விளைவு) கொடுங்கள். 110, 165, 220இல் உள்ள ஹார்மோனிக்குகள் (55இன் மடங்குகள்) வலுப்பெறும். மேலே இருப்பவற்றைக் கொண்டு காது அடி நோட்டைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

எட்டு பார் லூப்போடு நின்றுவிடுபவர்கள் ஏராளம். அந்த லூப்பை 96 பாருக்கு அப்படியே காப்பி செய்யுங்கள். 120 பிபிஎம்மில் அது 3 நிமிடம் 12 விநாடி. பிறகு அழித்துக்கொண்டே வாருங்கள்: முதல் 16 பாரில் கிக்கும் ஹேட்டும் மட்டும், நடுவில் 16 பாருக்கு கிக்கை எடுத்துவிட்டு, அதன் கடைசி 8 பாரில் பேடின் கட்-ஆஃபை 300 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ்வரை மெதுவாகத் திறங்கள். புதிதாக எழுதுவதைவிட அழிப்பது சுலபம், ட்ராக்கும் முடியும்.

எக்ஸ்போர்ட்டுக்கு 24 பிட் வேவ். எம்பி3 ஆக்குவதாக இருந்தால் உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். எம்பி3 ஆக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும், 0வைத் தாண்டினால் ஒலி வெடிக்கும்.