யோபு கதையைக் கேட்டவரின் மலை

புனித தேவசகாயம் சுடப்பட்ட தேவசகாயம் மலைக்குப் போகிறவர்கள் பலர் நேராக ஆரல்வாய்மொழிக்குப் போய்விடுகிறார்கள். நான் புலியூர்க்குறிச்சியில் தொடங்கினேன். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் சாலையோரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அருகில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக உயர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அந்தக் கோட்டைக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அவருடைய கல்லறையைப் பார்க்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்ற அரசு அலுவலர் கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனம் நொந்திருந்தபோது, எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை விடாத, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் டிலனாய். அந்தக் கதை நீலகண்ட பிள்ளையை உலுக்கியது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

அதன்பிறகு அவர் பாடு லேசாகவில்லை. 1749-இல் சிறைப்பட்டார். எருமையின்மீது பின்நோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்களில் மிளகாய் தேய்த்தார்கள். யோபுவுக்குக் கடைசி அதிகாரத்தில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது. யோபுவைக் கேட்டு மனம் மாறிய இவருக்கோ பதவியும் சொத்தும் திரும்பவே இல்லை. இதை நினைத்தபடியேதான் முட்டிடிச்சான் பாறைக்கு வந்தேன். தாகத்தில் தவித்தவர் செபித்து முழங்கையால் இடித்த இடத்தில் நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அவர் அங்கே விடுதலை கேட்டாரா, தண்ணீர் மட்டும் கேட்டாரா? கிடைத்தது தண்ணீர். விலங்கு அப்படியேதான் இருந்தது. எனக்கு அது போதுமான செய்தியாக இருந்தது.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் கேட்டது கிடைக்கவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. மதினி ஒரு நவநாளையும், அந்த ஒன்பது நாள் வேண்டுதலையும், விட்டவரல்லர். "விசுவாசம் இருந்தால் சுகம் வந்திருக்கும்" என்று உறவுக்காரர் ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியாது. புனித பவுல் தம்மை வாட்டிய முள் நீங்க மும்முறை வேண்டினார். கிடைத்த பதில், "என் அருள் உனக்குப் போதும்" என்பதே. பவுலுக்கா விசுவாசம் குறைவு?

அங்கிருந்து கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் கல்லறை இங்கே இருக்கிறது. சுட்டுக் கொன்று காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சியவற்றைச் சில நாள் கழித்துக் கண்டெடுத்து, கிறிஸ்தவர்கள் இங்கே அடக்கம் செய்தார்கள். அதனருகே முழந்தாளிட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் குழந்தையோடு ஒருத்தி விசும்பிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை, தடுக்கவும் இல்லை. ஆண்டவரிடம் அழுவதற்கு இடம் விடுகிற கோயில் அது.

ஆரல்வாய்மொழியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. தேவசகாயம் மலைக்குக் காற்றாடிமலை என்ற பெயர் பொருந்தத்தான் செய்கிறது. 1752 ஜனவரி 14 அன்று இரவு இங்கேதான் அவரைச் சுட்டார்கள். சுடுமுன் செபிக்க நேரம் கேட்டார் என்றும், முழந்தாளிட்ட தடம் பாறையில் பதிந்தது என்றும் சொல்கிறார்கள். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் மணியோசை கேட்கிறது. பிள்ளைகள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 மே 15-இல் குருவோ துறவியோ அல்லாத, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதராக உயர்த்தப்பட்டவரை, இவ்வூர் மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தங்கள் புனிதராக வைத்திருந்தார்கள்.

பாறைத் தடத்தின் அருகே, இயேசு பிடிபடுமுன் செபித்த கெத்சமனி நினைவுக்கு வந்தது. "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே நிகழட்டும்" என்பதற்கு முன்னால், துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி ஆண்டவர் வாய்விட்டுக் கேட்டார். கேட்பதை விட்டுவிடுவதைத்தான் திருவுளத்துக்குப் பணிவது என்று நாம் பலமுறை எண்ணிக்கொள்கிறோம். அவர் கேட்டார், வியர்வை இரத்தத் துளிகள் போல் விழும்படி கேட்டார், பிறகு தந்தையின் கையில் விட்டார். எனவே அண்ணனுக்குப் பேச்சு வர வேண்டும் என்று அந்த மலையிலும் கேட்டேன். வராவிட்டாலும் உம்மை விட்டுப் போகமாட்டோம் என்றும் சொன்னேன். இரண்டும் ஒரே செபம்தான்.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யோபு நூலை முழுவதும் வாசித்துவிட்டுப் போங்கள். "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்ற வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். முடிவில் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் என்று ஆண்டவர் சொன்னது, ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை அல்ல, அந்த யோபுவைத்தான்.