மேட்டில் முக்கும் வண்டியும் பிளக் கேப்பும்

பொள்ளாச்சியில் கார் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஸ்பார்க் பிளக்கைப் பற்றிச் சில பிடிவாதங்கள் தானாக வந்துவிடும். காரணம் வால்பாறை ரோடு. ஊருக்குள் பொட்டு சத்தமில்லாமல் ஓடுகிற வண்டி, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் திணறும். மறுநாள் காலையில் பட்டறை வாசலில் நிற்கும். "ஏனுங்க, டவுனுக்குள்ள ஒண்ணுமே தெரியறதில்லீங்க. மேடு ஏறி ஆக்ஸிலேட்டரை மிதிச்சாத்தான் முக்குது" என்பார் ஓட்டுநர். பெட்ரோல் பம்ப், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட இடம் உண்டு. ஆனால் நான் முதலில் கழற்றுவது பிளக்கைத்தான். பார்ப்பது அதன் கேப்பை: நடு எலெக்ட்ரோடுக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் கொக்கிக்கும் நடுவே, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தாண்டுகிற இடைவெளி.

ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடியபடி நிற்கும்போது, சிலிண்டருக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம்தான். அழுத்தம் குறைவு, அதனால் பொறி சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் மிச்சப் புகையோடு கலந்த அந்த மெலிந்த கலவை பற்றிக்கொள்ள நீளமான பொறி வேண்டும். இதற்குப் பெரிய கேப் நல்லது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் நிலைமை தலைகீழ். சிலிண்டர் நிறையக் கலவை, நல்ல அழுத்தம். பற்றவைப்பது எளிது, பொறி தாண்டுவதுதான் கஷ்டம். அதே கேப்பைத் தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில் இன்னும் அதிக வோல்ட் கொடுத்தாக வேண்டும். காயில் சோர்ந்திருந்தால், ஒயர் பழசாகியிருந்தால், பிளக் தேய்ந்து கேப் விரிந்திருந்தால், அந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும். ஐட்லிங்கும் ஏற்றமும் பிளக்கிடம் எதிரெதிரான இரண்டு காரியங்களைக் கேட்கின்றன. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கேப் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்த சமரசம். இதைப் புரிந்துகொண்டவன் கண்ணால் பார்த்துக் கேப் வைக்க மாட்டான்.

சோதிப்பதற்கு மலை வரை போக வேண்டியதில்லை. சமதளத்திலேயே நான்காவது கியரில் 35, 40 வேகத்தில் உருட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் போதும். முக்குகிற வண்டி அங்கேயே முக்கும்.

நான் தொழில் கற்ற பட்டறையில் கேப் அளக்கக் கேஜ் என்று தனியாக எதுவும் கிடையாது. உடைந்த ஆக்சா பிளேடு ஒரு துண்டு இருக்கும். பல் இல்லாத முதுகுப் பக்கத்தைப் பிளக்கின் கேப்பில் விட்டு, உரசிக்கொண்டு வந்தால் சரி. கேலியாகச் சொல்லவில்லை, அதில் கணக்கு இருந்தது. சாதாரண ஆக்சா பிளேடின் கனம் சுமார் 0.63 மில்லிமீட்டர். பழைய பெட்ரோல் அம்பாசிடருக்குச் சொல்லப்பட்ட கேப் 25 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. அதுவும் கிட்டத்தட்ட 0.63தான். அம்பாசிடர் காலத்துக்கு அந்தப் பிளேடு பொய் சொல்லவில்லை. சிக்கல் 1983க்குப் பிறகு மாருதி 800 தெருவுக்கு வந்தபோது தொடங்கியது. கார்புரேட்டர் மாருதிக்கு 0.7 முதல் 0.8 வரை வேண்டும். அப்புறம் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசி மாதிரிப் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வந்தது, பல வண்டிகளில் கேப் 1.0, 1.1 என்று ஏறியது. பிளேடு மட்டும் மாறவில்லை. புதுப் பிளக்கைப் பிரித்ததும் "கேப் ஜாஸ்தியா இருக்கே" என்று சொல்லி டொக் டொக்கென்று தட்டி மூடுகிற பழக்கம் இன்றைக்கும் சில இடங்களில் உண்டு. மேட்டில் வண்டி ஏறிவிடும், சிக்னலில் நிற்கும்போது நடுங்கும். வாடிக்கையாளர் என்ஜின் மவுண்ட் மாற்றிக்கொண்டிருப்பார்.

கேப்புக்கு முன்னால் பிளக் தேர்வு. நான் வேலைக்கு வந்த காலத்தில் பெரும்பாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது மைக்கோ. பெங்களூரில் செய்த பிளக். 2008இல் அந்தக் கம்பெனியின் பெயர் போஷ் என்று மாறிய பிறகும் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் மைக்கோ என்றுதான் கேட்பார்கள். பிளக்கின் மேல் இருக்கிற எழுத்தும் எண்ணும் பலருக்கு வெறும் மாடல் நம்பர். உண்மையில் அதில்தான் எல்லாம் இருக்கிறது. என்ஜிகே பிபிஆர்5இஎஸ்-11 என்று இருந்தால், முதல் பி 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த பி, பீங்கான் மூக்கு வெளியே நீட்டியிருக்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 11 என்றால் கேப் 1.1.

நடுவில் இருக்கும் 5தான் முக்கியம், அது சூட்டு எண். பொறியின் சூட்டைப் பற்றியது இல்லை அது. பிளக்கின் மூக்கு எவ்வளவு வேகமாகச் சூட்டை ஹெட்டுக்கு, அதாவது பிளக் மாட்டியிருக்கும் என்ஜின் மூடிக்கு, கடத்துகிறது என்பதைச் சொல்வது. மூக்கு ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானே எரிந்து போகும். 800, 900 என்று போனால் பொறி வருவதற்கு முன்பே மூக்கின் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கு ஆபத்து. சூட்டை வேகமாகக் கடத்துவது கோல்டு பிளக், மெதுவாகக் கடத்துவது ஹாட். என்ஜிகேயில் எண் கூடக் கூட கோல்டு. போஷில் எண் கூடக் கூட ஹாட். என்ஜிகே 5க்கும் போஷ் 8க்கும் ஏறக்குறைய ஒரே சூடு. ஒரு பிராண்டின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கடையில் வேறு பிராண்டில் அதே எண்ணைக் கேட்டு வாங்கி வருகிற பையன்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தினமும் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வருகிற வண்டியில் பிளக் கருத்துப்போகும். ஒரு எண் ஹாட்டாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் போட மாட்டேன். அதே குடும்பம் பொங்கல் லீவுக்கு ஐந்து பேரும் சாமானுமாக வால்பாறை கிளம்பும், அந்த மேட்டில் ஹாட் பிளக்கின் மூக்கு அளவுக்கு மேல் சூடேறும். எண்ணை மாற்றாமல், கரி எரிந்துபோக வாரம் ஒருமுறை உடுமலை வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன்.

அளக்கும் விதத்துக்கு வருகிறேன். புதுப் பிளக்குக்கு, மெல்லிய இலைகளாக இருக்கும் தட்டை ஃபீலர் கேஜ் போதும். ஓடிய பிளக்குக்குப் போதாது. கொக்கியின் உள்பக்கம் பொறி தின்று சிறிய பள்ளம் விழுந்திருக்கும். தட்டை இலை அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போலப் படுத்துக்கொண்டு 0.9 என்று சொல்லும், உள்ளே கேப் அதற்கு மேல் இருக்கும். அளவான கம்பியால் செய்த கம்பி கேஜ் பள்ளத்துக்குள் இறங்கி நிஜத்தைச் சொல்லும். கேப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ கொக்கியை மட்டும் வளைத்துத்தான். நடு எலெக்ட்ரோடில் எதையாவது முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கான் உள்ளே கீறல் விடும். வெளியே தெரியாது, சூடேறிய பிறகு மிஸ் ஆகும், அதாவது சில முறை கலவை பற்றாமல் போகும். தரையில் விழுந்த பிளக்கையும் இதே காரணத்துக்காக நான் மாட்டுவதில்லை, புதிதாக இருந்தாலும்.

பழைய நான்கு சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் ஒரு காயிலுக்கு இரண்டு பிளக். அவற்றில் கழற்றிய பிளக்கை வரிசை மாறாமல் அடுக்கி வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஜோடியில் ஒன்றுக்கு நடு எலெக்ட்ரோடு அதிகம் தேய்ந்திருக்கும், மற்றதற்குக் கொக்கி. ஒரே காயிலின் மின்சாரம் ஒரு பிளக்கில் நடுவிலிருந்து கொக்கிக்கும், இன்னொன்றில் கொக்கியிலிருந்து நடுவுக்கும் தாண்டுகிறது. பிளக் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

பீங்கானின் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அடியில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தால் கவலை இல்லை, காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகளை மின்சாரம் இழுத்து ஒட்டவைத்தது. பென்சிலால் நேராகக் கோடு போட்டது போல் மேலிருந்து கீழாகக் கருப்புக் கீற்று இருந்தால் அதுதான் வில்லங்கம். பொறி கேப்பைத் தாண்ட முடியாமல் வெளிப்பக்கமாக இறங்கியிருக்கிறது. அதே கீற்று பிளக்கின் தலையை மூடுகிற ரப்பர் பூட்டின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிப் பூட்டை விட்டுவிட்டால், பழைய தடத்திலேயே புதுப் பிளக்கிலும் இறங்கும். "போன மாசம்தான் பிளக் மாத்துனேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் பூட்டைத்தான் முதலில் கிள்ளிப் பார்ப்பேன்.

மாட்டும்போது பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் எடுத்துப் பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துத்தான் மரையில் சுற்றச் சொல்வேன். கோணலாகப் போனால் ஹோஸ் நழுவிவிடும், அலுமினிய ஹெட்டின் மரை தப்பிக்கும். ஸ்பேனரை நேராகப் போட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. கையால் இறுகிய பிறகு 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு, முறுக்கும் பலத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். என்ஜின் ஆறிய பிறகுதான் எந்தப் பிளக்கிலும் கை.

இப்போது பாதி வண்டிகள் சிஎன்ஜி. பெட்ரோலைவிட அது பற்றிக்கொள்ள அடம்பிடிக்கும், பொறிக்கு வோல்ட் அதிகம் கேட்கும். பெட்ரோலில் தெரியாத மிஸ்ஸிங் கேஸுக்கு மாற்றியதும் தெரிவது இதனால்தான். வெளியே கிட் போட்ட வண்டி என்றால், 1.1 இருந்த கேப்பை 0.8க்குக் குறைத்து, தேவைப்பட்டால் ஒரு எண் கோல்டாகப் போடுகிறேன். கம்பெனியிலிருந்தே சிஎன்ஜியாக வந்த வண்டியில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வைக்கிறேன்.

இரிடியம் பிளக் மட்டும் வேறு ஜாதி. நடு முனை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர்தான், ஊசி மாதிரி. மின்சாரம் கூரான முனையிலிருந்து சுலபமாகத் தாண்டும், தேய்மானமும் மிகக் குறைவு. இதைப் போட்டால் பிக்கப் கூடும் என்று வருகிறவர்களிடம், நல்ல சாதா பிளக் சரியான கேப்பில் இருக்கும் வண்டியில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அதன் கேப்பில் நாணயம் போல வட்டமான நாணய கேஜைத் திணிக்க என் பட்டறையில் யாருக்கும் அனுமதி இல்லை. கம்பி கேஜை மெதுவாக விட்டுப் பார்க்கலாம். அளவு தப்பாக இருந்தால் வளைப்பதில்லை, பெட்டியில் போட்டுக் கடைக்கே திருப்பிவிடுகிறேன்.