நியூ ஃபோல்டர் (2)

2022 மார்ச். எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்பதைப் பார்த்துத்தான் அப்போது கொழும்பில் வேலையைத் தொடங்குவோம். வெள்ளவத்தையில் என் அறை ஏ, பி, சி என்று பிரித்த குழுக்களில் எதில் வருகிறது என்று காலையிலேயே மின்வெட்டு அட்டவணையைத் தேடுவேன். மாதக் கடைசியில் அது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்படி ஒரு பிற்பகல், மடிக்கணினியில் பாதி சார்ஜ்தான் மிச்சம், வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பிழைச்செய்தியின் படம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: ">=" வந்திருக்கிறது; இங்கே வரவேண்டியது "=", "<", "<=", ">", ">=" ஆகியவற்றில் ஒன்று.

மூன்று தரம் வாசித்தேன். கேட்பதும் அது, கொடுத்ததும் அது. சாப்பாட்டுக் கடையில் வைத்த இடியப்பத்தைத் தள்ளிவிட்டு 'எங்கே என் இடியப்பம்' என்று சண்டை பிடிக்கிற ஆள் மாதிரி இருந்தது.

எங்கள் மென்பொருள் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. 'வயது >= 18', 'மாத வருமானம் > 50000' என்று வாடிக்கையாளரே விதிகளை எழுதிக்கொள்ளலாம். அந்தக் குட்டி மொழிக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதை ஆண்ட்லர் என்ற கருவியிடம் கொடுத்தால் ஜாவாவில் லெக்ஸர் ஒன்றும் பார்ஸர் ஒன்றும் எழுதித் தரும். லெக்ஸர் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும், பார்ஸர் சொற்களைக் கூட்டி வாக்கியமாக்கும். பள்ளியில் எழுத்து முதலில், சொல் அப்புறம் என்று படித்த அதே வரிசை. எங்கள் இலக்கணமும் இரண்டு கோப்புகளாகத்தான் இருந்தது. ஆண்ட்லர் எழுதித் தந்த ஜாவா கோப்புகளையும் நாங்கள் ரெப்போவில், அதாவது குழுவின் பொது நிரல் களஞ்சியத்தில், கமிட் செய்து (பதிந்து) வைத்திருந்தோம். இலக்கணத்தை மாற்றினால் கருவியை ஓட்டி அவற்றை மறுபடி உருவாக்க வேண்டும். குறிப்புக் கோப்பான ரீட்மீயில் அதற்கு இருந்தது ஒரே ஒரு வரி: 'ஆண்ட்லரை ஓட்டவும்.'

எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டரிலிருந்து, என்னென்ன தெரிவுகளோடு என்பதெல்லாம் அண்ணைக்குத்தான் தெரியும். அண்ணை என்றால் எங்கள் குழுவின் மூத்தவர். இலக்கணத்தை எழுதியதும் அவர்தான், எட்டு வருடமாகக் கருவியை ஓட்டியதும் அவர்தான், அதுவும் தன் சொந்த மடிக்கணினியில். ஜனவரியில் அவர் டொராண்டோவுக்குப் போய்விட்டார். அந்த வருடம் பாதி அலுவலகமே எங்கேயாவது போய்க்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு இலக்கணத்தைத் தொட்ட முதல் ஆள் நான். 'சமமில்லை' என்பதற்கு "<>" என்ற குறியைச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு இலக்கணக் கோப்புகளிலும் சேர்த்தேன், ஆண்ட்லரை ஓட்டினேன், புது டெஸ்ட் ஒன்று எழுதினேன். எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அனுப்பிவிட்டேன்.

இரவு அண்ணையுடன் கதைத்தேன். எனக்கு மெழுகுதிரி, அவருக்குப் பட்டப்பகல். பிழைச்செய்தியை வாசித்து முடிக்கவில்லை, கேட்டார்:

"தம்பி, பார்ஸரையும் ஜெனரேட் பண்ணினனியோ, இல்லாட்டி லெக்ஸரை மட்டுமோ?"

லெக்ஸரை மட்டும்தான். இரண்டுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

நடந்தது என்னவென்றால், லெக்ஸர் ஒவ்வொரு குறிக்கும் வரிசையாக ஓர் எண் கொடுக்கிறது. பழைய கணக்கில் "=" 20, "<" 21, "<=" 22, ">" 23, ">=" 24. நான் "<>" என்பதை "=" க்கு அடுத்து நுழைத்ததும் அதற்கு 21 போனது, மற்றவை எல்லாம் ஒவ்வொரு இடம் தள்ளி உட்கார்ந்தன. ">=" இப்போது 25. பழைய பார்ஸருக்கோ ஒப்பீட்டுக் குறிகள் 20 முதல் 24 வரைதான். 21 வந்தால் "<" என்று நினைத்து உள்ளே விடும், 22 வந்தால் "<=" என்று நினைத்து விடும். விடையைக் கணக்கிடும் எங்கள் கோடு (நிரல்) லெக்ஸரின் புது எண்களைப் பார்த்ததால் விடை மட்டும் சரியாகவே வந்துகொண்டிருந்தது. ஆள் மாறாட்டத்தில் நாலு பேர் வாசல் கடந்துவிட்டார்கள், ஐந்தாவது ஆளுக்குத்தான் நாற்காலி இல்லை. என் "<>" டெஸ்ட் பாஸானதும் இதே தயவில்தான். ">=" வருகிற டெஸ்ட் எங்களிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. வாடிக்கையாளரின் விதிகளில் அது நிறையவே இருந்தது.

பார்ஸரையும் உருவாக்கி அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை: இலக்கணக் கோப்பு சரி, கணக்கிடும் கோடு சரி, நடுவில் இருந்த ஒரு கோப்புதான் பழையது. அது பழையது என்று சொல்ல ஏன் யாருமே இல்லை?

இது புதிய வியாதி இல்லை. இலக்கணத்திலிருந்து பார்ஸர் செய்யும் கருவிகளில் பழையதும் பெயர்பெற்றதுமான 'யாக்' (yacc) கருவியைப் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் ஸ்டீவ் ஜான்சன். ஒரு நாள் அவர் காலை முழுக்க ஒரு பிழையைத் தேடியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று, அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) மறந்ததுதான் விஷயம். திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் போனார். அதிலிருந்து ஃபெல்ட்மன் 1976இல் எழுதியதுதான் மேக், மாறிய கோப்புகளைப் பார்த்து வேண்டியதை மறுபடி கம்பைல் செய்யும் கருவி. யாக் கருவியை எழுதியவருக்கே அப்படி என்றால் நான் எந்த மூலைக்கு என்று அன்று கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

என் முதல் யோசனை, உருவாக்கிய கோப்புகளை ரெப்போவிலிருந்தே தூக்கிவிடுவது. ஜாவா மென்பொருளைக் கட்டும் (பில்ட் செய்யும்) கருவியான மேவனுக்கு ஆண்ட்லர் பிளகின் இருக்கிறது, ஒவ்வொரு பில்டிலும் அது புதிதாக உருவாக்கிக்கொள்ளும். இன்றைக்கும் என் மனதில் சரியான வழி அதுதான். ஆனால் பில்ட் வேலைகளைப் பார்க்கிற சிங்கள நண்பன் "மச்சான், அதில் மட்டும் கை வைக்காதே" என்றான். ஒரு வாடிக்கையாளர் எங்கள் மூலக்கோட்டை வாங்கித் தன் உள்வலையில் தானே பில்ட் செய்கிறார், அந்த இயந்திரத்துக்கு இணையமே கிடையாது. புதுக் கருவி ஒன்றை அதற்குள் கொண்டுபோகக் கையெழுத்து வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சரி, தோற்றுவிட்டேன். பைதானும் இதே வழிதான் என்று பிறகு பார்த்தேன். 3.9 பதிப்பில் வந்த புதுப் பார்ஸரை இலக்கணத்திலிருந்து உருவாக்கும் நிரல் பைதானில் எழுதியது. பைதானைக் கட்டப் பைதான் வேண்டும் என்ற கோழி முட்டைச் சிக்கல் வராமல் இருக்க, உருவாக்கிய சி மொழிக் கோப்பைக் கமிட் செய்தே வைத்திருக்கிறார்கள். அது இலக்கணத்தோடு ஒத்துப்போகிறதா என்று அவர்களின் சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கிறது.

நானும் அதையே செய்தேன். ஒரு ஸ்கிரிப்ட்: குறிப்பிட்ட பதிப்பு ஆண்ட்லரை எடுத்து, லெக்ஸர், பார்ஸர் இரண்டையும் அந்த வரிசையில் உருவாக்கும். சிஐ அதே ஸ்கிரிப்டை ஓட்டி, கமிட் செய்த கோப்புகளில் ஓர் எழுத்து மாறினாலும் பில்டை நிறுத்தும். அரை நாள் வேலை என்று சொன்னேன். இரண்டு கிழமை எடுத்தது.

முதல் ஓட்டத்திலேயே எல்லாக் கோப்பும் மாறிவிட்டதாகச் சிவப்பு. திறந்து பார்த்தால், ஆண்ட்லர் எழுதும் கோப்பின் முதல் வரி எந்த இலக்கணத்திலிருந்து உருவானது என்று சொல்லும் குறிப்பு. கட்டளையில் கொடுத்த பாதையை அப்படியே போட்டுவிடும். எங்கள் கோப்புகளில் இருந்தது: சி டிரைவ், யூசர்ஸ், அண்ணையின் பெயர், டெஸ்க்டாப், நியூ ஃபோல்டர் (2). வாடிக்கையாளர்களுக்குப் போன மென்பொருளின் பிறப்பிடம் அண்ணையின் டெஸ்க்டாப்பில் பெயர் வைக்காத ஒரு ஃபோல்டர்! ஸ்கிரிப்ட் இலக்கணம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுக்கும்படி மாற்றினேன்.

அடுத்தது வரி முடிவு. எங்களில் பலர் விண்டோஸில், சிஐ லினக்ஸில்; இரண்டும் வரி முடிவதை வேறு விதமாகக் குறிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்காக மூவாயிரம் வரியும் மாறியதாகக் காட்டும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போட்டதும் அடங்கியது. பிறகு விசிட்டர். பார்ஸர் பிரித்ததை நடந்து பார்க்க ஆண்ட்லர் தரும் இரண்டு வகைக் கோப்புகள் லிசனரும் விசிட்டரும். ஆண்ட்லர் தானாகத் தருவது லிசனரை மட்டும். விசிட்டர் வேண்டுமென்றால் கட்டளையில் கேட்க வேண்டும். நான் கேட்காமல் விட்டதால் பழைய விசிட்டர் கோப்பு சலனமில்லாமல் அங்கேயே கிடந்தது. எதுவும் மாறவில்லை என்று சரிபார்ப்பும் பச்சை காட்டியது. இப்போது ஸ்கிரிப்ட் முதலில் பழையவற்றை அழித்துவிட்டுத்தான் உருவாக்கும். மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப், கமிட்டுக்குள் வராத புதுக் கோப்பைக் கண்டுகொள்ளாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பதிலாக, புதுக் கோப்பையும் காட்டும் கிட் ஸ்டேட்டஸைப் பார்க்க வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஓட்டை. ஏப்ரலில் ஆண்ட்லர் 4.10 வந்தது. யாரோ ஒரு பெடியன் நல்ல மனதோடு, பார்ஸர் ஓடும்போது பயன்படுத்தும் ஆண்ட்லர் நூலகத்தின் (லைப்ரரி) பதிப்பை மட்டும் உயர்த்தினான். என் சரிபார்ப்பு பச்சை. டெஸ்ட் எல்லாம் சிவப்பு: 'பதிப்பு 3ஐ வாசிக்க முடியவில்லை, எதிர்பார்த்தது 4.' பார்ஸருக்குள் ஒரு நீண்ட எண் சரமாக அடைத்து வைக்கும் அட்டவணையின் வடிவத்தை 4.10இல் மாற்றியிருந்தார்கள். கருவியின் பதிப்பு என் ஸ்கிரிப்டில் ஓரிடம், நூலகத்தின் பதிப்பு மேவன் கோப்பில் இன்னோரிடம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரும்படி மாற்றினேன். இந்தத் தடவை பிழை வாடிக்கையாளர் வரை போகவில்லை, அது போதும்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி இலக்கணத்தை மாற்றிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்ட மறந்தாள். சிஐ நிறுத்தியது, என்ன ஓட்ட வேண்டும் என்பதையும் அதுவே சொன்னது, அவள் ஓட்டினாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை முழுவதையும் சொல்லியிருப்பேன், நல்ல காலம் தப்பினாள்.

முதல் வரியில் அண்ணையின் டெஸ்க்டாப் பாதை நீங்கிய கமிட்டை மட்டும் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தேன். சிவப்பில் பழைய வரி, பச்சையில் புது வரி. அடுத்த நாள் காலை, காலி (Galle) வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பதில் வந்தது.

"அந்த லாப்டாப்பை வித்துப்போட்டெல்லோ தம்பி நான் இங்க வந்தனான்."